உடைந்த டைல்ஸில் ஓர் அழுங்கு

எங்கள் குடியிருப்புப் பூங்காவின் மூலையில் ஏழடி நீளத்துக்கு ஓர் அழுங்கு, அதாவது எறும்புத்தின்னிச் சிலை, நிற்கிறது. உள்ளே இரும்புக் கம்பி, அதன்மேல் கோழிவலை, அதன்மேல் சிமெண்ட் கலவை, எல்லாவற்றுக்கும் மேலே டைல்ஸ் கடைகள் ஒதுக்கிப்போடும் உடைசல். நடைப்பயிற்சிக்கு வருகிறவர்கள் நின்று பார்த்துவிட்டு, "என்ன கலவை போட்டீங்க, டைல்ஸ் எப்படி நிக்குது, மழைக்கு உரியாதா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் வாயால் சொல்லி அலுத்துவிட்டது. எழுதியே வைத்துவிடுகிறேன், வேறு ஊரில் யாராவது செய்ய நினைத்தால் உதவும்.

அந்த மூலை நடைபாதை திரும்புகிற இடம். செடி வெட்டிய கழிவைக் கொட்டிக் கொட்டி, பிறகு வீட்டுக் குப்பையும் வந்து சேர ஆரம்பித்திருந்தது. ஏதாவது வைத்தால் கொட்டமாட்டார்கள் என்று குடியிருப்போர் சங்கத்தில் பேச்சு வந்தது. மயில் என்றார் ஒருவர், டால்பின் என்றார் இன்னொருவர், காளான் குடை என்றார் மூன்றாமவர். சிமெண்ட் காளானையும், வாயைப் பிளந்துகொண்டு குப்பை கேட்கிற பென்குயினையும் நான் கிண்டல் செய்யமாட்டேன். நம் ஊர்ப் பிள்ளைகள் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொள்ளும் சிற்பம் அவைதான். ஆனால் கையில் இருந்த பொருள் வேறு. தெரிந்த டைல்ஸ் கடைக்காரர் ஒருவர், மூலை உடைந்தவை, மாதிரிப் பலகையிலிருந்து கழற்றியவை, ஒரே ஒரு பெட்டி மிச்சமானவை என்று ஒரு சின்ன யானை வண்டி நிறைய எடுத்துக்கொள்ளச் சொன்னார். உடைந்த டைல் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு இது என்ன பிராணியாக முடியும் என்று யோசித்தால் செதில்தான் தோன்றுகிறது. மீன் தரையில் நிற்காது. முதலை என்றால் சின்னப் பிள்ளைகள் கிட்ட வராது. அப்புறம் இருப்பது அழுங்கு.

எறும்புத்தின்னி என்று சொன்னால் பலருக்கும் புரியும். பல் கிடையாது, நீள நாக்கால் எறும்பையும் கறையானையும் நக்கித் தின்னும். ஆபத்து என்றால் பந்தாகச் சுருண்டுகொள்ளும். நம் நகம் எந்தப் பொருளோ அதே கெரட்டின்தான் அதன் செதிலும். இந்திய அழுங்குக்கு 160 முதல் 200 செதில்கள் வரை இருக்கும். அந்தச் செதிலுக்காகவே அதைப் பிடித்துக் கடத்துகிறார்கள். இங்கே வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. சர்வதேச வணிகத்துக்கு எல்லா அழுங்கு இனங்களுக்கும் தடை போட 2016-ல் முடிவானது. இரவில் மட்டும் வெளியே வருகிற பிராணி. காட்டோரம் இருக்கிறவர்களே அபூர்வமாகத்தான் பார்ப்பார்கள். பூங்காவிலாவது பகலில் நிற்கட்டும் என்றதும் கூட்டத்தில் யாரும் மறுக்கவில்லை. அனுமதிக் கடிதம், பணம் வசூல் இதெல்லாம் எல்லா ஊரிலும் ஒரே கதை, விட்டுவிடுகிறேன்.

வரைவதற்கு முன்பே ஒரு விஷயத்தை முடிவு செய்தோம்: இதன்மேல் ஆள் ஏறுவார்கள். கோபுரத்துச் சுதைச் சிற்பம் அறுபது எழுபது அடி உயரத்தில் இருக்கிறது, அதை யாரும் தொடப்போவதில்லை. அதற்குக் கை நீட்டலாம், விரல் விரிக்கலாம், நாக்கைத் தொங்கவிடலாம். தெருவில் தரைமட்டத்தில் நிற்கும் உருவத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. முதல் நாளே ஒரு பிள்ளை முதுகில் ஏறும், மறுநாள் அதன் அப்பா படத்துக்காகப் பக்கத்தில் ஏறி உட்காருவார். "ஏறாதீர்கள்" என்று பலகை வைப்பது வீண். ஆகவே ஏறுவதற்கென்றே வடிவம் அமைத்தோம். முதுகின் உயரம் இரண்டரை அடி. வால் தரையோடு படிந்து பக்கவாட்டில் வளைந்து, ஒன்றேகால் அடி உயரத்தில் உட்காரும் திண்ணையாகிறது. கால் நகங்கள் நிஜத்தில் நீளமானவை. நடக்கும்போது முன்னங்கால் நகங்களை உள்ளே மடக்கிக்கொள்ளும். அதையே சாக்காக வைத்து நகங்களை மடக்கிப் பாதத்தோடு ஒட்டிவிட்டோம். கம்பு போல நீட்டிக்கொண்டு இருந்தால் ஒரே வாரத்தில் ஒடிந்திருக்கும், அல்லது யாருடைய முழங்காலையாவது கிழித்திருக்கும். வயிற்றுக்கும் தரைக்கும் இடையில் சந்து விடவில்லை. சந்து இருந்தால் குழந்தையின் தலை நுழையும், இல்லையென்றால் நாய் குட்டி போடும்.

அடித்தளத்தில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவைப்பட்டது, ஏனென்றால் எங்கள் பகுதி கரிசல். மழையில் உப்பி, வெயிலில் பிளக்கிற மண். மேலே அரை டன் எடையுள்ள விறைப்பான கூடு உட்கார்ந்தால் மண் அசைகிற அசைவுக்கு நடுவில் விரிசல் விடும். இரண்டடிக்கு மேல் தோண்டிக் கரிசலை எடுத்துவிட்டு, கிராவல் கொட்டித் தண்ணீர் விட்டுத் திம்சுக்கட்டையால் இடித்து, அதன்மேல் கம்பி கட்டிய கான்கிரீட் பலகை ஒன்றைப் போட்டோம். நான்கு கால் வரும் இடத்திலும் வால் வரும் இடத்திலும் பத்து எம்எம் கம்பியைப் பலகையிலிருந்தே மேலே நீட்டிவிட்டோம். பலகை அசைந்தால் அழுங்கும் சேர்ந்து அசையட்டும், தனித்தனியாக அசையக்கூடாது, அவ்வளவுதான்.

கம்பிக்கூடு கட்டுவது எனக்குப் பிடித்த வேலை. முதுகெலும்பாக ஒரு பத்து எம்எம் கம்பி, மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே ஓட்டமாக. அதற்குக் குறுக்கே விலா மாதிரி ஆறு எம்எம் வளையங்கள், அரையடிக்கு ஒன்று. வளையத்தின் அளவுகளை முதலில் தரையில் சாக்பீஸால் முழு அளவில் வரைந்துகொண்டு, கம்பியை அந்தக் கோட்டின்மேல் வைத்தே வளைத்தோம். காகிதத்தில் சின்னதாக வரைந்து கணக்குப் போட்டுப் பெரிதாக்கினால் வயிறு எப்போதும் ஒல்லியாகத்தான் வரும். கட்டுக்கம்பியால் எல்லா முடிச்சையும் கட்டி, முனைகளை உள்பக்கம் மடக்க வேண்டும். வெளியே நீட்டிய ஒரு முனை போதும்: அது கலவையின் மேற்பரப்புக்கு அருகில் வரும், துரு பிடிக்கும், துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், மேலே ஒட்டிய டைலைத் தள்ளிவிடும். பழைய சிமெண்ட் சிலைகளில் விரலும் மூக்கும் முதலில் கொட்டுவதற்கு இதுதான் காரணம்.

கூட்டுக்கு மேலே அரை அங்குலக் கண்ணுள்ள கோழிவலை, நான்கு அடுக்கு. கண்கள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் கொஞ்சம் விலக்கி விலக்கிப் போர்த்தி, நெருக்க நெருக்கமாகக் கட்டினோம். வலைதான் இங்கே உண்மையான பலம். மெல்லிய கம்பி நெருக்கமாக ஓடினால் விரிசல் ஓரிடத்தில் பெரிதாக ஓடாமல் கண்ணுக்குத் தெரியாத பல நூலிழைகளாகப் பிரிந்துவிடும். ஃபெரோசிமெண்ட் என்று சொல்லும் இந்த முறை புதிதல்ல. பிரான்சில் லாம்போ என்பவர் 1848-ல் இப்படி ஒரு படகே செய்து மிதக்கவிட்டார், 1855 பாரிஸ் கண்காட்சியிலும் அதைக் காட்டினார். சிற்பத்துக்கு இதைக் கொண்டுபோனவர்களில் எனக்கு ரொம்பப் பிடித்தவர் லாஸ் ஏஞ்சலஸில் வாட்ஸ் கோபுரங்களைக் கட்டிய சைமன் ரோடியா. இத்தாலியிலிருந்து வந்த கூலித் தொழிலாளி. 1921 முதல் 1954 வரை, வேலை முடிந்த நேரத்தில் தனியாளாக, சாரம் இல்லாமல், வெல்டிங் இல்லாமல், இரும்பில் வலை சுற்றிக் கலவை அப்பி, பீங்கான், சிப்பி, பாட்டில் துண்டுகள் பதித்து முப்பது மீட்டர் உயரம் வரை கட்டினார். ஆபத்தான கட்டுமானம், இடிக்க வேண்டும் என்று நகர நிர்வாகம் சொன்னபோது 1959-ல் பத்தாயிரம் பவுண்டு இழுவிசை கொடுத்துச் சோதித்தார்கள். கோபுரம் நின்றது, இழுத்த கருவிதான் வளைந்தது. எங்கள் கொத்தனாரிடம் இதைச் சொன்னேன். "அவரு யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டியதில்ல சார், நமக்கு நாளைக்கே யாராவது வந்து கேப்பாங்க" என்று சொல்லிவிட்டு வலையை இன்னும் ஒரு சுற்றுச் சுற்றினார்.

கலவையைத் தள்ளினால் வலைக்குள் புகுந்து உள்ளே விழுந்துவிடும். பெரிய உருவமென்றால் உள்ளே ஒரு ஆள் உட்கார்ந்து பலகை பிடிப்பார். இதற்குள் ஆள் போக முடியாது. மூடி இறுக்கிய காலித் தண்ணீர் பாட்டில்களை நெட்டுப் பைகளில் திணித்து, வலை போர்த்துவதற்கு முன்பே வயிற்றுக்குள் நெருக்கமாக அடைத்தோம். தேங்காய் மட்டை, வைக்கோல், மரத்தூள் எதையும் உள்ளே போட வேண்டாம். எறும்புத்தின்னிக்குள் கறையான் புற்று இருந்தால் நகைச்சுவைதான், ஆனால் மட்கிச் சரிந்தால் அப்பிய கலவை பிடிமானம் இல்லாமல் நிற்கும். பின்னங்கால்களுக்கு நடுவே அரை அங்குலக் குழாய்த் துண்டு ஒன்றைச் செருகி நீர் வடிய வழியும் விட்டோம். எப்படி அடைத்தாலும் எங்காவது ஒரு வழியில் ஈரம் உள்ளே போகும், அது வெளியே வர ஒரு வாசல் வேண்டும்.

கலவை, ஒரு பங்கு சிமெண்டுக்கு இரண்டு பங்கு மணல். பூச்சு வேலைக்கென்று கல்லை அரைத்துச் செய்யும் பி-சாண்ட் வாங்கி அதையும் ஒருமுறை சலித்தோம், வலைக் கண்ணில் குருணை மாட்டினால் பின்னால் வெற்றிடம் விழும். தண்ணீர் எவ்வளவு என்று லிட்டரில் சொல்வதைவிடக் கையில் பிடித்துப் பார்ப்பது மேல்: உருட்டினால் உருண்டை நிற்க வேண்டும், பிழிந்தால் நீர் சொட்டக்கூடாது. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு என்பதால் குடிநீர் லாரித் தண்ணீரையே கலவைக்கும் நனைப்பதற்கும் எடுத்தோம். முதல் பூச்சைக் கரணையால் போடுவதைவிடக் கையால், கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி வலைக்குள் ஏற்றுவது நல்லது. ரப்பர் கையுறை கட்டாயம். சிமெண்ட் தோலை அரிக்கும், முதல் நாள் தெரியாது, இரண்டாம் நாள் சாப்பாட்டில் உப்பு பட்டதும் தெரியும். மறுநாள் சொரசொரப்பாகக் கீறிவிட்ட பரப்பின்மேல் இரண்டாம் பூச்சு. மொத்தக் கனம் ஒன்றரை அங்குலத்துக்குள். கலவைக்கு மட்டும் மூன்று மூட்டைக்குக் கொஞ்சம் கீழே சிமெண்ட் போனது.

அப்புறம் ஈரச் சாக்கு. இது யாருக்கும் பிடிக்காத கட்டம், ஏனென்றால் பார்க்க ஒன்றும் நடக்காது. குறைந்தது பத்து நாள் சாக்கு காயக்கூடாது, அதன்பிறகும் இரண்டு மூன்று வாரம் சும்மா விட வேண்டும். கூடு சுருங்க வேண்டிய அளவு சுருங்கட்டும், விட வேண்டிய மயிரிழை விரிசலை விடட்டும். அதற்கு முன்பே டைல் ஒட்டினால் கூடு சுருங்கும், டைல் சுருங்காது, ஒட்டு பிரியும். சங்கத்தில் அவசரப்பட்டார்கள். சாக்கு போர்த்திய உருவத்தைப் பார்த்து "யாரு படுத்திருக்கா?" என்று கேட்டவர்களும் உண்டு.

காத்திருந்த நேரத்தில் ஒட்டுச் சோதனை செய்தோம். மிச்சக் கலவையில் ஒரு சின்னப் பலகை வார்த்து, அதில் சுவர் டைல் துண்டுகளையும் விட்ரிஃபைடு தரை டைல் துண்டுகளையும் ஒட்டினோம். பாதியைச் சிமெண்ட் பாலில், பாதியைப் பாலிமர் சேர்ந்த டைல் பேஸ்ட்டில். காய்ந்தபிறகு வெட்டிரும்பை ஓரத்தில் வைத்துத் தட்டினோம். சிமெண்ட் பாலில் ஒட்டிய விட்ரிஃபைடு ஒரே தட்டில் முழுசாகக் கையில் வந்துவிட்டது. திருப்பிப் பார்த்தால் முதுகு வழவழவென்று, ஒரு பொட்டுச் சிமெண்ட்கூடப் பிடிக்கவில்லை. அதே சிமெண்ட் பாலில் ஒட்டிய சுவர் டைல் உடைந்து சில்லானது, ஆனால் முதுகுப் பக்கத்துச் செம்மண் நிறம் பலகையிலேயே நின்றது. பேஸ்ட்டில் ஒட்டிய இரண்டுமே வெட்டிரும்புக்கு நன்றாகச் சண்டை கொடுத்தன. காரணம் எளிது. சுவர் டைல் தன் எடையில் பத்து சதவீதத்துக்கு மேல் நீரை உறிஞ்சும், சிமெண்ட் பால் அந்த நுண்துளைக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும். விட்ரிஃபைடு அரை சதவீதம்கூட உறிஞ்சாது, அதற்குள் சிமெண்ட் போக வழியே இல்லை. வெளிநாட்டுக் குறிப்புகளில் சுவர் டைலை வெளியே பயன்படுத்தாதீர்கள் என்று எழுதியிருப்பார்கள். அது உறைபனி விழும் ஊருக்கு. உறிஞ்சிய நீர் உறைந்து விரிந்து டைலை உடைக்கும். நமக்கு அந்தப் பயம் இல்லை. ஆனாலும் எல்லாவற்றையும் பேஸ்ட்டிலேயே ஒட்டுவது என்று முடிவானது. கடையில் கொடுத்ததில் பாதிக்கு மேல் விட்ரிஃபைடு, அதைத் தூக்கிப்போட மனமில்லை.

இப்போது செதில். வேலை முழுக்க இதில்தான் இருந்தது.

உடைந்த டைலைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இடைவெளியை அடைப்பது உலகம் முழுக்கத் தெரிந்த முறை. பார்சிலோனாவில் அன்டோனி கௌடியும் அவரோடு வேலை செய்த ஜுசப் மரியா ஜுஜோலும் குவெல் பூங்காவின் நீண்ட வளைந்த இருக்கை முழுவதையும் அப்படித்தான் செய்தார்கள். தட்டு, கோப்பை, பாட்டில் எல்லாம் அதில் உண்டு. வளைந்த பரப்பில் முழு டைல் உட்காராது, உடைத்தால்தான் உட்காரும். அழகுக்காக உடைக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வளைவு கேட்கிறது, அதனால் உடைக்கிறார்கள். ஆனால் அழுங்குக்கு அந்தத் தட்டை ஒட்டு போதாது. செதில் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருந்தால்தான் அழுங்கு, இல்லையென்றால் பன்றிக்குப் பூப்போட்ட சட்டை போட்டது போல் இருக்கும். ஏற்றி ஒட்டினால் ஒவ்வொரு செதிலின் பின்விளிம்பும் எட்டு எம்எம் கனத்துக்கு வெளியே நிற்கும். டைல் உடைந்த விளிம்பு கண்ணாடிதான். அதன்மேல் பிள்ளைகள் சறுக்குவார்கள்.

கொத்தனாரும் நானும் இதில் கொஞ்ச நேரம் வாதாடினோம். தட்டையாகவே ஒட்டிவிட்டுப் பெயிண்டால் செதில் மாதிரி கோடு போடலாம் என்றார் அவர். பெயிண்ட் ஒரு வெயில் காலம் தாண்டாது. கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. ஏற்றம் ஒரு சென்டிமீட்டர்தான். செதிலின் அடியில் பேஸ்ட்டைத் தாராளமாக வைத்து, விளிம்புக்குக் கீழே சரிவாக இழுத்துவிட்டால் எட்டு எம்எம் படி ஐந்துக்கும் குறைவாகிறது, கீழே பொள்ளலும் இருக்காது. பொள்ளல் இருந்தால் யாராவது காலை வைத்து மிதிக்கும்போது விளிம்பு ஒடியும். ஒட்டும் வரிசை வால் நுனியிலிருந்து தலையை நோக்கி. அழுங்கின் செதில் விளிம்பு வாலைப் பார்த்திருக்கும், ஆக முன்வரிசைதான் பின்வரிசைமேல் ஏறும், அப்படியானால் பின்வரிசை முதலில் உட்கார வேண்டும். ஓடு வேய்ந்தவர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம், தாழ்வாரத்திலிருந்துதானே கூரையின் உச்சிக்குப் போவார்கள்.

ஒவ்வொரு செதிலையும் நிப்பரால், அதாவது டைல் கடிக்கும் இடுக்கியால், கடித்துக் கடித்து வட்டமான ஐங்கோணமாக்கினோம். முதுகில் நான்கு அங்குலம், வால் நுனியிலும் நெற்றியிலும் இரண்டுக்குள். பிறகு விளிம்பை ஆங்கிள் கிரைண்டரில் டைமண்ட் பேட் போட்டு உருட்டினோம். தண்ணீர் விட்டுக்கொண்டே தேய்க்க வேண்டும். காய்ந்த தூசி சிலிக்கா, நுரையீரலுக்கு நல்லதில்லை. முகக்கவசமும் கண்ணாடியும் இல்லாமல் யாரையும் கிட்ட விடவில்லை. ஒட்டி முடித்த பரப்பைச் சோதிக்க ஒரு பழைய வேட்டித் துண்டு. அதைத் தலையிலிருந்து வாலுக்கு இழுத்தால் எப்போதும் வழுக்கிக்கொண்டு வரும், அது சோதனையே இல்லை. வாலிலிருந்து தலைக்கு, செதிலுக்கு எதிர்த்திசையில் அழுத்தி இழுக்க வேண்டும். எங்கே ஒரு நூல் மாட்டுகிறதோ அங்கே சாக்பீஸ் வட்டம், அந்த இடத்துக்கு மறுபடி கிரைண்டர். முதல் தடவை இழுத்தபோது முதுகு முழுக்க அம்மைத் தழும்பாக வட்டங்கள். கடைசியில் வேட்டி கிழிந்ததே தவிர, எங்கும் மாட்டவில்லை.

நிறத்துக்குத் திட்டம் என்று பெரிதாக ஒன்றுமில்லை. பழுப்பும் மரக்கோடு போட்டதும் முதுகுக்கு, வெளிர் நிறம் விலாவுக்கு. உட்காருகிற வால் திண்ணையில் மட்டும் கண்டிப்பாகச் சந்தன நிறமும் வெள்ளையும். நம் ஊர் மதிய வெயிலில் கறுத்த டைலில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரே வரிசைச் செதில்களுக்கு நடுவே மூன்று எம்எம் இடைவெளி விட்டதும் அதே வெயிலுக்காகத்தான், சூட்டில் டைல் விரியும். குளியலறை நீல டைல்ஸும், டீ கோப்பையும் திராட்சைக் கொத்தும் அச்சடித்த சமையலறை டைல்ஸும் மிச்சம் இருந்தன. அவற்றை அங்கங்கே ஒன்றிரண்டாகச் செருகினோம். இப்போது பிள்ளைகள் விளையாடுவது "டீ கப் எங்க இருக்கு சொல்லு" என்பதுதான். வேலை நடக்கும்போதே தெருக்காரர்கள் தங்கள் உடைசலையும் கொண்டுவர ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டி, உடைந்த ஊறுகாய் ஜாடியைத் துணியில் முடிந்து எடுத்து வந்து, "எங்க மாமியா காலத்து ஜாடிப்பா. தூக்கிப்போட மனசு வரல" என்றார். அந்தப் பழுப்பு வெள்ளைப் பீங்கான்தான் நெற்றி. ஜாடியின் வளைவு நெற்றி வளைவுக்கு அப்படியே ஒத்துப்போனது.

உடைந்த கண்ணாடி வளையலும் ஒரு பை நிறைய வந்தது. சண்டிகரில் நேக் சந்த் வளையல் துண்டுகளால் ஆடை உடுத்திய பெண் உருவங்களை வரிசை வரிசையாக நிறுத்தியிருக்கிறார். சாலை ஆய்வாளராக வேலை பார்த்தவர். இடித்த வீடுகளின் கழிவைக் காட்டுக்குள் கொண்டுபோய் 1950-களின் கடைசியிலிருந்து ரகசியமாகச் செய்துகொண்டிருந்தார். அரசு நிலத்தில் அனுமதியில்லாமல் செய்தது பிறகு வெளியே தெரிந்தும், இடிக்காமல் 1976-ல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்கள். அதைப் படங்களில் பார்த்து ஆசைப்பட்டவர்கள்தான் வளையல் கொடுத்தார்கள். அந்த உருவங்கள் பார்ப்பதற்கு நிற்பவை. எங்களுடையது ஏறுவதற்கு. ஆகவே கண்ணாடி வேண்டாம் என்று சொல்ல வேண்டியிருந்தது. கைக்கெட்டாத காதோரத்தில்கூட வைக்கவில்லை, ஏனென்றால் இந்த உருவத்தில் கைக்கெட்டாத இடமே இல்லை. ஒருவருக்கு வருத்தம்தான்.

கண்ணுக்கு என்ன வைப்பது என்று தேடியபோது கிரானைட் கடையில் விடை இருந்தது. சமையல் மேடைக் கல்லில் குழாய்க்கு ஓட்டை போடும்போது உள்ளிருந்து கச்சிதமான வட்டத் துண்டு விழும். கறுப்பு கிரானைட்டில் பளபளவென்று மெருகேறிய ஒன்றேகால் அங்குல வட்டம். அங்கே வாளி நிறைய கிடந்தது. இரண்டு எடுத்துக்கொண்டோம், காசு வாங்கவில்லை.

இடைவெளி அடைப்புக்கு எபாக்சி போடலாமா என்று யோசித்தோம். கறை பிடிக்காது, ஆனால் விலை அதிகம், நேரடி வெயிலில் மஞ்சளிக்கவும் செய்யும். அடர்பழுப்புச் சிமெண்ட் கிரவுட்டில் பாலிமர் திரவம் கலந்து, ரப்பர் பட்டையால் தேய்த்து ஏற்றினோம். துடைக்கும் பஞ்சை நன்றாகப் பிழிந்துகொள்ள வேண்டும், சொட்டச் சொட்டத் துடைத்தால் நிறமெல்லாம் அதோடு வந்துவிடும். முதல் மழைக்குப்பின் கிரவுட்டில் அங்கங்கே வெள்ளையாக உப்புப் பூத்தது. சிமெண்டில் இருக்கும் கரையும் உப்பு நீரோடு மேலே வந்து காய்வதுதான் அது. ஆசிட் ஊற்றிக் கழுவலாம் என்று யோசனை சொன்னார்கள். ஆசிட் உப்பையும் தின்னும், கிரவுட்டையும் தின்னும். காய்ந்த பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கினாலே போதும், ஒவ்வொரு மழைக்கும் குறைந்துகொண்டே வரும். இப்போது உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது.

செலவில் பெரும்பகுதி கூலி, அடுத்தது பேஸ்ட். டைல் இலவசம் என்று ஆரம்பித்தோம், ஆனால் அதைக் கடித்து, உருட்டி, வேட்டி இழுக்கிற வேலைக்குத்தான் ஆள் அதிகம் தேவைப்பட்டது. புது டைல் வாங்கித் தட்டையாக ஒட்டியிருந்தால் மொத்தத்தில் குறைவாக முடிந்திருக்கும் என்று பொருளாளர் கணக்குக் காட்டினார். கணக்கு சரிதான்.

திறப்பு விழா எதுவும் வைக்கவில்லை. தார்ப்பாயை எடுத்த அன்று மாலையே வாலில் நான்கு பிள்ளைகள், முதுகில் ஒன்று. குப்பை கொட்டுவது முழுசாக நின்றதா என்றால் இல்லை, பத்தடி தள்ளிப் போயிருக்கிறது. குவெல் பூங்காவின் படிக்கட்டில் உள்ள மொசைக் பல்லியை 2007-ல் யாரோ கம்பியால் அடித்து உடைத்துவிட்டார்கள், திரும்ப ஒட்டிச் சரிசெய்தார்கள். உலகப் பாரம்பரியச் சின்னத்துக்கே அந்த நிலை என்றால் நம் அழுங்கு எம்மாத்திரம்! அதனால் ஒவ்வொரு நிறத்திலும் கொஞ்சம் செதில் வெட்டி உருட்டிச் சாக்கில் கட்டி மோட்டார் அறையில் வைத்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும் ஒரு நாணயத்தால் செதில்களைத் தட்டிப் பார்ப்பேன். கணீரென்றால் பிடிமானம் சரி, டொக்கென்றால் அடியில் காற்று. இப்போது வால் திண்ணையின் முன்விளிம்பில் இரண்டு செதில் டொக்கென்கின்றன, எல்லோரும் குதித்து இறங்குகிற இடம் அதுதான். பொங்கல் லீவு முடிந்து பிள்ளைகள் பள்ளிக்குப் போனதும் அந்த இரண்டையும் பெயர்த்து, அடியைச் சுரண்டிவிட்டு மறுபடி ஒட்ட வேண்டும், கொத்தனாரிடம் சொல்லியாயிற்று. அவர் இந்தத் தடவை விளிம்பு முழுக்க ஒற்றைக் கல்லாக கிரானைட் பட்டி வைத்துவிடலாம் என்கிறார். அதைப் பற்றி இன்னும் பேச்சு நடக்கிறது.